அப்பாவின் ராலே சைக்கிள்: பழைய 40 துளை ஹப்பை வைத்து எடை குறைந்த சக்கரம் கட்ட முடியுமா?

காவிரிக்கரை (திருச்சி):

வணக்கம். ரொம்ப நாளாகப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டவன், முதல் முறையாகக் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

அப்பாவுடைய ராலே சைக்கிள் எங்கள் வீட்டுக் கொல்லையில் பதினைந்து வருடமாகச் சாய்ந்து கிடந்தது. 28 அங்குலச் சக்கரம், ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பியால் இழுப்பது), முழு செயின் கவர், பின்னால் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப், அதாவது சக்கரத்தின் நடு உருளைக்குள்ளேயே கியர். ஹப்பின் ஓட்டில் ஏடபிள்யூ என்ற எழுத்தும் பக்கத்தில் 62, 8 என்ற எண்களும் பொறித்திருக்கிறது. பொன்மலைப் பணிமனைக்கு அப்பா இதில்தான் போய்வந்தார், என்னைக் குறுக்குக் கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டதும் இதில்தான். போன மாதம் வெளியே எடுத்து முழுசாக ஓவராயில் பண்ணினேன். ஃபிரேமில் துரு மேலோட்டமாகத்தான் இருக்கிறது. பின் ஹப்பைத் திறந்து மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விட்டதும் மூன்று கியரும் வேலை செய்தன. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் கடைசியில் வால்வு கனத்துக்கே முன்னும் பின்னும் ஆடி ஆடி நிற்கிறது, அவ்வளவு சுத்தமாக இருக்கிறது பால்ரஸ்.

கெட்டுப்போனது ரிம்தான். பிரேக் கட்டை படுகிற இடம் முழுக்கத் துரு தின்றுவிட்டது, நகத்தால் கீறினால் செதில் உதிர்கிறது. போக்ஸ் கம்பியிலும் பாதி போய்விட்டது. எல்லாவற்றையும் கழற்றித் தராசில் வைத்துப் பார்த்தேன்: வெறும் ரிம் ஒன்று 1,050 கிராம், டயர் 940, ட்யூப் 210. பின் ஹப் ஒரு கிலோ பக்கம்.

கடைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனால், "ஹப்பைத் தூக்கி எடைக்குப் போடுங்கள், ரெடிமேடு அலாய் சக்கரம் ஒரு ஜோடி மாட்டித் தருகிறேன்" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. ஹப்பை வைத்துக்கொண்டு அலுமினிய ரிம் போட்டு வேறு சக்கரம் கட்ட வேண்டும், எடையும் குறைய வேண்டும். தினம் வேலைக்கு 9 கிலோமீட்டர், ஞாயிறு காலையில் முக்கொம்பு வரை, அவ்வளவுதான் என் ஓட்டம். சிக்கல் என்னவென்றால் போக்ஸ் கம்பி கோர்க்க முன் ஹப்பில் 32 துளை, பின் ஹப்பில் 40 துளை. 40 துளை அலுமினிய ரிம் தேடித் தேடி அலுத்துவிட்டது. இந்த வேலை நடக்குமா, செலவுக்குத் தகுந்த பலன் இருக்குமா?

---

கம்பிகட்டி (கோவை):

நடக்கும். ஹப்பை எடைக்குப் போடாதீர்கள், அந்த 62, 8 என்பது 1962 ஆகஸ்டில் செய்த ஹப் என்று அர்த்தம். அறுபது வருடம் தாண்டியும் மூன்று கியரும் விழுகிறதென்றால் உள்ளே இருக்கிற இரும்பு அப்படி.

எடை எங்கே இருக்கிறது என்று நீங்களே தராசில் பார்த்துவிட்டீர்கள். ரிம், டயர், ட்யூப் மூன்றும் சேர்ந்து ஒரு சக்கரத்தில் 2,200 கிராம், அத்தனையும் வெளிவட்டத்தில் சுற்றுகிறது. ஹப் ஒரு கிலோ என்றாலும் அது நட்டநடுவில் இருக்கிறது, சுற்றுவதற்கு அது கேட்கிற பலம் ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மாட்டு வண்டிச் சக்கரத்தில் இந்த இடத்தைக் குடம் என்பார்கள், வட்டை உளுத்துப்போய் மாற்றும்போது நல்ல குடத்தை எந்த ஆசாரியும் தூக்கிப் போடமாட்டார். சைக்கிளிலும் அதேதான், காசை வெளிவட்டத்தில் போடுங்கள்.

ஆனால் எடைக்கு முன்னால் பிரேக்கைப் பற்றி முடிவு பண்ணியாக வேண்டும், பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். உங்கள் ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை, ஹப்பைப் பார்த்த உள்முகத்தில், கீழிருந்து மேலே இழுத்து அழுத்துகிறது. அதற்காகவே அந்தப் பழைய வெஸ்ட்வுட் ரிம்முக்கு இரண்டு ஓரமும் உருண்டையாக மடித்திருக்கும். இன்றைய அலுமினிய ரிம்மில் அந்த உள்முகமே கிடையாது, பிரேக் பிடிக்க அதற்குப் பக்கச் சுவர்தான். ஆக அலுமினியம் போட்டால் ராடு பிரேக்குக்கு விடை கொடுத்துவிட்டு ரிம்மை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கேபிள் காலிப்பர் மாட்ட வேண்டும். ஃபோர்க் தலையிலும், பின் சக்கரத்துக்கு மேலே ஃபிரேமின் இரு குழாய்களை இணைக்கிற பாலத்திலும் காலிப்பர் போல்ட் நுழையத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சில வண்டியில் மட்கார்டு பிடிக்க ஒரு துளை இருக்கும், சிலதில் இருக்காது.

அடுத்து அளவு. உங்கள் 28 x 1½ டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. கடையில் கிடைக்கிற 700சி ரிம்மில் அது 622. ஆரத்தில் 6.5 மி.மீ. குறைகிறது. ஃபிரேமுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, பிரேக் கை மட்டும் அந்த அளவுக்குக் கீழே எட்ட வேண்டும். டெக்ட்ரோ ஆர்559 என்ற நீளக்கை காலிப்பர் 55 முதல் 73 மி.மீ. வரை எட்டும். போல்ட் துளையின் நடுவிலிருந்து புது ரிம்மின் பிரேக் பரப்பு வரும் இடம் வரைக்கும் அளந்து எழுதுங்கள், அதைப் பார்த்துத்தான் மேலே பேச முடியும்.

இன்னொன்று, இது எடையைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் பிரேக் பிடிக்கவே பிடிக்காது, அழுத்தினாலும் வழுக்கிக்கொண்டே போகும். அலுமினியம் ஈரத்திலும் பிடிக்கும். எடைக்காக மாற்றியவர்கள்கூட முதல் மழையில் இதற்காகத்தான் சந்தோஷப்பட்டார்கள்.

---

மேடேறி:

செய்வது நல்ல வேலைதான், ஆனால் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இரட்டைச் சுவர் அலுமினிய ரிம் 550 கிராம் என்று வையுங்கள், 700 x 35 டயர் 550, ட்யூப் 150. மொத்தம் 1,250. உங்கள் பழைய 2,200 இல் கழித்தால் சக்கரத்துக்கு 950 கிராம் மிச்சம், இரண்டுக்கும் சேர்த்து 1.9 கிலோ. நீங்களும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ என்றால் மேடு ஏறும்போது 2 சதவீதம் லேசாகிறது. வெளிவட்டத்து எடையை வேகமெடுக்க வைக்கும்போது அது நகரவும் வேண்டும் சுழலவும் வேண்டும், அதனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகக் கணக்காகும், சிக்னலில் நின்று கிளம்பும்போது 4 சதவீதம் என்று சொல்லலாம். சமமான சாலையில் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது எடையால் பெரிய வித்தியாசம் இல்லை, அங்கே காற்றும் டயரின் உருளும் தடையும்தான் கால் பலத்தைத் தின்கின்றன.

அதனால் நான் சொல்வது, ரிம்மில் 50 கிராம் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவு பண்ணாதீர்கள், அந்தக் காசில் மெல்லிய, வளைந்துகொடுக்கிற நல்ல டயர் வாங்குங்கள். இரும்புக் கம்பி விளிம்புக்குப் பதில் மடிக்கக்கூடிய விளிம்பு உள்ள டயர் என்றால் எடையும் குறையும், ஓட்டமும் மாறும். பழைய 940 கிராம் டயரிலிருந்து வருகிற உங்களுக்கு முதல் நாளே தெரியும்.

கம்பியை ரிம்மில் இறுக்குகிற நிப்பிளை அலுமினியத்தில் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். பித்தளை நிப்பிள் ஒன்று சுமார் 1 கிராம், அலுமினியம் 0.3. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 50 கிராம்கூட மிச்சம் வராது, ஆனால் நாலு மழைக்கு அப்புறம் இறுகிப்போய் சாவி போட்டால் முனை மழுங்கிவிடும். தினம் ஓட்டுகிற வண்டிக்குப் பித்தளை போதும்.

---

காவிரிக்கரை:

இரண்டு பேருக்கும் நன்றி. அளந்துவிட்டேன்.

ஃபோர்க் தலையில் துளை இருக்கிறது, மட்கார்டு போல்ட் போட்டிருந்தது. பின்னால் பாலத்திலும் இருக்கிறது. நண்பர் ஒருவரின் ஹைபிரிட் வண்டியிலிருந்து 700சி சக்கரத்தைக் கழற்றி ஃபோர்க்கில் பொருத்திப் பார்த்தேன், துளையிலிருந்து பிரேக் பரப்பின் நடுவுக்கு முன்னால் 66, பின்னால் 71 மி.மீ. வருகிறது, ஆக அந்தக் காலிப்பர் இரண்டு பக்கமும் எட்டும்.

ராடு பிரேக்கைக் கழற்றுவதில்தான் இரண்டு நாள் தயங்கினேன். அந்தக் கம்பிகளும் முட்டிகளும் அப்பா வாரம் ஒரு தடவை துடைத்து எண்ணெய் போட்டவை. கடைசியில் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் எடுத்துவைப்பது என்று முடிவு, ஃபிரேமில் எதையும் வெட்டவோ ஒட்டவோ போவதில்லை, நாளைக்குத் திரும்ப மாட்ட நினைத்தாலும் மாட்டலாம்.

இப்போது மிச்சம் 40 துளைதான். ஒரு நண்பர் ஒன்று விட்டு ஒன்றாக 20 துளையில் மட்டும் கம்பி கோர்த்து 20 துளை ரிம் போடச் சொல்கிறார், எடையும் இன்னும் குறையும் என்கிறார். செய்யலாமா?

---

கம்பிகட்டி (கோவை):

வேண்டாம். கேட்க எளிதாக இருக்கும், காகிதத்தில் வரைந்தால் ஓட்டை தெரிந்துவிடும். 40 துளை ஹப்பில் ஒரு பக்கத்துக்கு 20 துளை, துளைக்குத் துளை 18 டிகிரி. எதிர்ப் பக்கத்துத் துளைகள் இதற்கு நேர் எதிரே இருக்காது, 9 டிகிரி தள்ளி இருக்கும். ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் இடைவெளி 9 அல்லது 27 என்று வரும், 20 துளை ரிம்மோ 18 கேட்கும். அந்த 9 டிகிரியைக் கம்பி நீளத்தை மாற்றித்தான் சமாளிக்க வேண்டும். அதையும் செய்துவிடலாம் என்றாலும், பின் சக்கரத்தில், அதுவும் இரும்பு ஃபிரேம் கேரியர் எல்லாம் வைத்த வண்டியில், 20 கம்பி என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கம்பி அறுந்தாலே ரிம் ஃபிரேமில் உரசும், வீட்டுக்கு உருட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

நான் இரண்டு தடவை கட்டி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற வழி வேறு. 40 துளை ஹப்பில் 32 துளை ரிம். ஒரு பக்கத்தில் நான்கு துளையில் கம்பி, ஐந்தாவது துளை காலி, மறுபடி நான்கு, ஒன்று காலி. இப்படி நான்கு கட்டு வந்தால் 16 கம்பி, இரண்டு பக்கமும் சேர்த்து 32. இடது பக்கத்துக் காலித் துளை வலது பக்கத்துக் காலித் துளைக்கு அடுத்தாற்போல் விழ வேண்டும், அப்போதுதான் இரு பக்கத்துக்கும் ஒத்துப்போகும். ரிம்மில் எல்லாத் துளையிலும் கம்பி சம இடைவெளியில் இருப்பதால் ரிம்முக்குத் தன் ஹப்பில் எத்தனை காலி என்பதே தெரியாது.

ஹப்பில் 18 டிகிரி, ரிம்மில் 22.5 டிகிரி, அதனால் எல்லாக் கம்பியும் ஒரே நீளத்தில் வராது. நான்கு நான்காக இருக்கிற ஒவ்வொரு கட்டிலும் ஓரத்து இரண்டும் ஒரு நீளம், நடுவில் உள்ள இரண்டும் இன்னொரு நீளம். ஸ்டர்மி ஹப்பின் காது (கம்பித் துளைகள் உள்ள வட்டத் தகடு) அகலத்துக்கு இந்த வித்தியாசம் சுமார் 4 மி.மீ. வரும். 16 கம்பி ஒரு நீளம், 16 கம்பி இன்னொரு நீளம், குழப்பாமல் தனித்தனியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத்தை யாரிடமும் கேட்டு வாங்காதீர்கள், நீங்களே அளந்து கணக்கிடுங்கள். நிப்பிள் தலை உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டத்தில் பாதி ஒன்று, ஹப் துளைகளின் வட்டத்தில் பாதி இரண்டு, ஹப்பின் நடுவிலிருந்து காது வரை மூன்று. இந்த மூன்றின் வர்க்கத்தையும் கூட்டி, அதிலிருந்து முதலிரண்டின் பெருக்கலை இரண்டால் பெருக்கி, ஹப் துளைக்கும் ரிம் துளைக்கும் நடுவே உள்ள கோணத்தின் கொசைனாலும் பெருக்கிக் கழியுங்கள். வர்க்கமூலம் எடுத்து, கம்பித் துளையின் பாதிக்காக 1.2 மி.மீ. குறைத்தால் நீளம். உங்கள் முன் சக்கரத்துக்கு ஓர் உதாரணம் பாருங்கள்: ரிம் 605, ஹப் துளை வட்டம் 38, நடுவிலிருந்து காது 32, மூன்று குறுக்கு (ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் கடந்து போவது), 32 துளைக்குக் கோணம் 67.5 டிகிரி. விடை 296 மி.மீ. உங்கள் ஹப்பின் அளவு வேறாக இருக்கும், வெர்னியர் வைத்து அளந்து போடுங்கள், இந்த எண்ணை அப்படியே கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிடாதீர்கள்.

கம்பி நடுவில் மெலிந்ததாக, 2.0 / 1.8 / 2.0 கிடைத்தால் நல்லது. 2 மி.மீ. நேர் கம்பி ஒன்று 6.7 கிராம், இது 5.6 கிராம், 64 கம்பிக்கு 70 கிராம் மிச்சம், அது ஒரு பொருட்டே இல்லை. நான் இதைச் சொல்வது வேறு காரணத்துக்காக: நடு மெலிந்த கம்பி குழியில் விழும்போது கொஞ்சம் கூடுதலாக நீண்டு சுருங்கும், அடி வளைவில் விழும் உளைச்சல் குறையும், சீக்கிரம் அறுகாது.

---

வடமராட்சியான்:

இந்த உரையாடலைக் கண்டு சந்தோஷம். எங்கள் ஊரில் இந்தச் சைக்கிளை றலி என்றுதான் சொல்வோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, மின்சாரமும் இல்லை, ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டுபோனதும் விறகு கட்டியதும் றலியில்தான், இரவில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டதும் அதில்தான். பின்னால் 40 கம்பி ஏன் என்று அந்த நாளில் சாமான் ஏற்றியவர்களுக்குத் தெரியும். தம்பி, நீங்கள் 32 கம்பிக்கு மாறினால் பின் கரியரில் ஆளை ஏற்ற வேண்டாம், உங்கள் ஒரு ஆள் ஓட்டத்துக்கு 32 தாராளம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஏடபிள்யூ ஹப் நொட்டிங்ஹாமில் 1936 முதல் செய்யப்பட்டது, உள்ளே இருக்கிற இயந்திரம் பல பத்தாண்டுகளுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 36 துளை உள்ள பழைய ஏடபிள்யூ ஓடு எங்காவது பழைய இரும்புக் கடையில் அகப்பட்டால், உங்கள் அப்பாவின் ஹப்பின் உள்ளுடம்பை அப்படியே கழற்றி அதற்குள் போடலாம். நான் அப்படிச் செய்த ஒன்றைத்தான் இன்றும் பாவிக்கிறேன், உள்ளே கிடந்தது உடைந்து துருப்பிடித்த ஹப், ஓடு மட்டும் நல்லது. 36 துளை றிம் 40 துளையைவிட இலகுவாகக் கிடைக்கும், கம்பியும் ஒரே நீளம். இப்போது தாய்வானில் செய்கிற புது ஸ்டர்மி ஹப்பிலும் 36 துளை உண்டு, ஆனால் அதற்குள் உங்கள் பழைய உள்ளுடம்பு பொருந்துமா என்று உறுதிப்படுத்தாமல் ஓட்டுக்காக அதை வாங்கிவிட வேண்டாம்.

கழற்றும்போது ஓர் அவதானம். வலது பக்கத்தில் ஓட்டுக்குள் திருகியிருக்கும் அந்தப் பெரிய குண்டு வளையத்துக்கு இரட்டைத் தொடக்க மரை. அதாவது இரண்டு இடத்தில் மரை தொடங்கும், ஒன்றில் கழற்றி மற்றதில் பூட்டினால் ஹப் கொஞ்சம் பக்கம் தள்ளி உட்கார்ந்துவிடும், நேராக இருந்த சக்கரம் நடுவிலிருந்து விலகும். அதே ஓட்டில் திரும்பப் போடுவதானால் கழற்ற முன் வளையத்திலும் ஓட்டிலும் ஒரு கோடு கீறி அடையாளம் வையுங்கள். சக்கரம் கட்ட முன்னரே இதை முடித்துவிட்டால் கவலை இல்லை.

பழைய இரும்பு ஹப்பின் காது மெல்லியது. இன்றைய கம்பிகளின் கழுத்து தடித்த அலுமினியக் காதுக்காக நீளமாக வளைத்தது. அப்படியே கோர்த்தால் கம்பித் தலை காதில் ஒட்டாமல் ஆடும், ஆடுகிற கம்பி அந்த வளைவில்தான் அறும். ஒவ்வொரு கம்பித் தலைக்குக் கீழும் ஒரு சின்னப் பித்தளை வாசர் போடுங்கள். சைக்கிள் சக்கரத்துக்கென்றே விற்கிறார்கள், கிடைக்காவிட்டால் கம்பி சரியாக நுழைகிற எந்தச் சின்ன வாசரும் பரவாயில்லை. முன் ஹப்புக்கும் இதுதான்.

உள்ளே கிரீஸ் அடைக்க வேண்டாம், பல்லைப் பிடிக்கிற சின்ன நெம்பிகள் ஒட்டிக்கொண்டால் கியர் நழுவும். ஓட்டில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து மெல்லிய எண்ணெய் மாதம் ஒரு கரண்டி விட்டால் போதும். கேபிளை இரண்டாவது கியரில் வைத்துச் சரிபார்க்க வேண்டும், வலது பக்க நட்டில் உள்ள துவாரம் வழியாகப் பார்த்தால் கியர் கேபிள் இழுக்கிற சங்கிலிக் கம்பியின் தோள் (தடிமன் மாறும் இடம்) அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். இது பிழைத்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பெடல் சும்மா சுற்றும், எழுந்து நின்று மிதிக்கும்போது அப்படி விட்டால் ஆள் விழுவார். சக்கரம் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இவ்வளவு வேலை செய்கிறீர்கள், பின் பற்சக்கரத்தையும் மாற்றிவிடுங்கள். அந்த ஹப்பில் மூன்று காது வைத்துச் சுருள் வளையம் போட்ட பற்சக்கரம், ஸ்குரூ டிரைவரால் வளையத்தை நெம்பினால் கழன்றுவிடும். முன்னால் 46 பல், பின்னால் 18 என்றால் நடுக் கியரிலேயே ஒரு சுற்றுக்கு 5.5 மீற்றர் ஓடும், மேல் கியர் 7.4 மீற்றர், அதைச் சமதரையில்கூட ஒருவரும் அதிகம் பாவிப்பதில்லை. 22 பல் போட்டால் நடு 4.5, மேல் 6, கீழ் 3.4. மூன்று கியரும் உண்மையிலேயே வேலைக்கு வரும். சங்கிலியில் ஓர் அங்குலம் கூட்ட வேண்டிவரும், அவ்வளவுதான். எடை குறைத்ததைவிட இதுதான் காலுக்குத் தெரியும் என்பது என் அனுபவம்.

---

ஈசிஆர்_காலை (சென்னை):

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் 90களின் ஷிமானோ ஹப் ஜோடி, 36 துளை, பின்னால் 7 ஸ்பீடு கேசட். இதே மாதிரி லேசான சக்கரம் கட்ட ஆசை. முன் சக்கரத்தை நேராக, குறுக்கு இல்லாமல் கோர்த்தால் கம்பி நீளம் குறையும், எடையும் குறையும் என்று படித்தேன்.

---

கம்பிகட்டி (கோவை):

பழைய அலுமினிய ஹப்பில் அதைச் செய்யாதீர்கள். குறுக்காகக் கோர்த்த கம்பி காதைச் சாய்வாக இழுக்கும், நேராகக் கோர்த்தால் துளைக்கும் விளிம்புக்கும் நடுவில் இருக்கிற கொஞ்சூண்டு அலுமினியத்தை நேர் வெளியே இழுக்கும். 36 துளையில் அந்த இடைவெளியே குறைவு, அதிலும் முப்பது வருடம் பழைய கம்பி அழுத்திய தடம் வேறு இருக்கும். காது பிய்ந்துகொண்டு வந்துவிடும், மிச்சமாவது சில கிராம்தான்.

கட்டும் முன் ஹப்பைத் துடைத்துவிட்டு லென்ஸ் வைத்து ஒவ்வொரு துளையையும் பாருங்கள், துளையிலிருந்து விளிம்பை நோக்கி மயிரிழைக் கோடு இருந்தால் அந்த ஹப் போனதுதான். கோடு இல்லை என்றால், பழைய கம்பிகள் எந்தத் துளையில் உள்ளே தலை, எந்தத் துளையில் வெளியே தலை என்று தடத்தைப் பார்த்து, அதே மாதிரியே கோருங்கள். புதுக் கம்பி பழைய தடத்தில் போய் உட்காரும். மாற்றிக் கோர்த்தால் ஒரே துளையில் இரண்டு தடம் விழுந்து அங்கிருந்து விரிசல் தொடங்கும்.

கூம்பையும் கிண்ணத்தையும் பாருங்கள். கூம்பில் குழி விழுந்திருந்தால் வேறு வாங்கலாம், கிண்ணம் ஹப்போடு சேர்ந்தது, அதில் குழி என்றால் அந்த ஹப்புக்குக் காசு போடாதீர்கள். குண்டு பழையதைத் திரும்பப் போட வேண்டாம், பின்னால் பக்கத்துக்கு 9, கால் அங்குலம், முன்னால் பக்கத்துக்கு 10, அரைக்கால் அங்குலத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 4.76 மி.மீ. புதுசு நூறு ரூபாய் சமாச்சாரம்.

கேசட் உட்காருகிற 7 ஸ்பீடு உடம்பைக் கழற்றி 8, 9, 10 ஸ்பீடுக்கான உடம்பு மாட்ட முடியும், அச்சை எடுத்துவிட்டு உள்ளே 10 மி.மீ. ஆலன் சாவி விட்டால் போல்ட் வரும். புது உடம்பு 4 மி.மீ. நீளம், அதற்கேற்ப அச்சில் வளையம் சேர்த்து ஃபிரேமின் அகலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விவரமாகப் பேச வேண்டுமென்றால் ஃபிரேம் அளவோடு தனியாகக் கேளுங்கள், இங்கே திருச்சிக்காரரின் சக்கரம் முடியட்டும்.

---

காவிரிக்கரை:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன்.

36 துளை ஓடு தேடினேன், கிடைக்கவில்லை. கம்பிகட்டி அண்ணன் சொன்னபடி 32 துளை ரிம்மே வாங்கிவிட்டேன், ஒன்று 540 கிராம். முன் சக்கரத்தை முதலில் கட்டினேன், என் அளவுக்குக் கணக்கு 294 மி.மீ. என்று வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கில் ஒரு பேனா மூடியை ரப்பர் பேண்டால் கட்டி, அதை வைத்தே கோட்டம் எடுத்தேன். இணையாகப் போகிற கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து இறுக்கிப் பிடித்ததும் டிக் டிக் என்று சத்தம் வந்து மறுபடி கொஞ்சம் கோணிக்கொண்டது, திரும்பத் திருத்தி, மூன்றாவது தடவை சத்தம் நின்றது.

பின் சக்கரம் ஐந்து நாள் மாலை எடுத்தது. முதல் தடவை இடது பக்கத்துக் காலித் துளையை ஒரு துளை தள்ளிப் போட்டுவிட்டேன், கம்பிகள் பாதி நீளமாகவும் பாதி நிப்பிளை எட்டாமலும் நின்றன. எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, காலித் துளை எட்டிலும் முதலில் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொண்டு கோர்த்தேன், அப்புறம் சரியாக உட்கார்ந்தது. வாசர் சொன்னதற்கு வடமராட்சி ஐயாவுக்குத் தனி நன்றி, அது இல்லாமல் ஒரு கம்பி கோர்த்துப் பார்த்தேன், தலை கையால் ஆட்டினாலே ஆடியது.

இரண்டு சக்கரமும் டயர் ட்யூபோடு சேர்த்துப் பழையதைவிட 1,980 கிராம் குறைவு. 22 பல்லும் போட்டாயிற்று. முந்தாநாள் காலை காவிரிப் பாலத்தில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது, இறக்கத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது, பிரேக் பிடித்தேன், நின்றது. பழைய ரிம்மில் நின்றிருக்காது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சக்கரத்தைக் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார், அப்புறம் எண்ணெய் மூடி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது, வால்வுக்கு எதிரே வருகிற மாதிரி வைத்தாயா என்று கேட்டார். வைக்கவில்லை. மழைக்காலம் முடிந்து கம்பிகளை மறுபடி இறுக்கிப் பார்க்கும்போது அதையும் அவிழ்த்துச் சரிபண்ண முடியுமா, இல்லை முழுக்க அவிழ்த்துத்தான் கோர்க்க வேண்டுமா?

---

கம்பிகட்டி (கோவை):

முழுக்க அவிழ்க்க வேண்டும், ஆனால் கம்பி அதேதான், நீளம் எதுவும் மாறாது. ரிம்மைக் கால் சுற்றோ அரைச் சுற்றோ திருப்பிவைத்துக் கோர்த்தால் போதும், உங்கள் அமைப்பு நான்கு கட்டு என்பதால் ஹப்பை 90 டிகிரி கணக்கில் எங்கே திருப்பினாலும் ஒத்துப்போகும். வால்வுக்கு எதிரே சரியாக வராவிட்டாலும் பக்கத்தில் வரும். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள்.